நரிவால் புல்லைத் தெரியுமா உங்களுக்கு?

தலவாக்கலை என்ற பெயருக்குள்ளேயே புல் இருக்கிறது. நீங்கள் இதை எப்போதாவது யோசித்ததுண்டா? சிங்களத்தில் 'தலாவ' என்றால் மரங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் புல்வெளி. 'கெலே' என்றால் காடு. ஊர்ப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் புல்வெளியும் காடும்தான் மிஞ்சுகின்றன. கோப்பி வந்தது, போனது. தேயிலை வந்தது, நிலைத்தது. புல் மட்டும் எங்கும் போகவில்லை. கான் ஓரத்திலும், லயத்தின் பின்பக்கத்திலும், ரயில் பாதைக் கற்களுக்கு நடுவிலும், கவ்வாத்து வெட்டிய மலையிலும் அது தலை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

அந்தப் புற்களில் ஒன்றைத்தான் இந்த மாதம் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். அறிமுகம் என்று சொல்வதே தவறு. நீங்கள் தினமும் பார்க்கிற புல் அது. உங்கள் பிள்ளைகள் பாடசாலை விட்டு வரும்போது பிடுங்கி ஒருவர் கழுத்தில் ஒருவர் தேய்த்து விளையாடுகிறார்களே, பஞ்சுபோல மயிர் நிறைந்த கதிர், நுனியில் லேசாக வளைந்தோ நிமிர்ந்தோ நிற்குமே, அதுதான். ஆங்கிலேயர் அதை 'நரிவால்' என்றார்கள். சீனர்களுக்கு அது நாய்வால். கொரியர்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் நாய்க்குட்டிப் புல். ஜப்பானில் பூனைக்கு விளையாட்டுக் காட்டும் புல் என்றும் ஒரு செல்லப் பெயர் உண்டு. எந்த நாட்டுக்காரன் பார்த்தாலும் ஏதோ ஒரு பிராணியின் வால்தான் ஞாபகம் வந்திருக்கிறது!

ஆனால் பெயரை மட்டும் நம்பினால் ஏமாந்து போவோம். குளிர்நாடுகளில் 'நரிவால்' என்று சொல்லும்போது வேறு ஒரு புல்லைச் சொல்வார்கள். வட அமெரிக்காவில் நாய்களின் காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் புகுந்து மிருக வைத்தியரிடம் ஓட வைக்கும் 'நரிவால்', உண்மையில் வாற்கோதுமையின் காட்டு உறவு. நாம் பேசப்போவது 'செட்டேரியா' என்ற குடும்பக் கிளையைப் பற்றி. லத்தீன் மொழியில் 'செட்டா' என்றால் முரட்டு மயிர். பெயரிலேயே அதன் அடையாளம் இருக்கிறது.

அந்த மயிரைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். ஒரு கதிரை ஒடித்து, வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒவ்வொரு சிறு மணியின் அடியிலிருந்தும் சில முட்கள் கிளம்புவது தெரியும். அவை உண்மையில் மயிரும் அல்ல, முள்ளும் அல்ல. பூக்க வேண்டிய சிறு கிளைகள் பூக்காமல் மெலிந்து முள்ளாகிப் போனவை. மணி பழுத்து உதிரும்போது முள் உதிராது. அது காம்பிலேயே தங்கிவிடும். அதனால்தான் விதையெல்லாம் கொட்டிய பிறகும் வெறும் முட்களோடு கதிர் பல நாள் நிற்கிறது. கம்பு, நேப்பியர் ஆகியவற்றின் கதிரும் இப்படித்தான் வால் போல இருக்கும். ஆனால் அந்த இனத்துக் காட்டுப் புற்களில் மணி விழும்போது முட்களும் கூடவே விழும். சந்தேகம் வந்தால் கதிரை உள்ளங்கையில் உதிர்த்துப் பாருங்கள். கையில் மணி மட்டும் விழுந்தால் செட்டேரியா. முள்ளோடு சேர்ந்து விழுந்தால் அது வேறு வீட்டுப் பிள்ளை.

இன்னொரு சோதனை. கதிரை அடியிலிருந்து நுனி நோக்கி விரலால் தடவுங்கள். வழுவழுப்பாக இருக்கும். நுனியிலிருந்து அடி நோக்கித் தடவினால் அரம் போலப் பிடிக்கும். முட்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு பற்கள் உண்டு. அவை எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன. காம்பு மேலே இருக்கும்படி கதிரைச் சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு கையை ஆட்டினால், அது தானாகவே தோளை நோக்கி ஏறும். பிள்ளைகள் இதை ஏதோ மந்திரம் என்று நினைப்பார்கள். ஒரே ஒரு வகையில் மட்டும் பற்கள் தலைகீழ். அது உடையில் ஒட்டும், ஆட்டு மயிரில் ஒட்டும், இரண்டு கதிர்கள் பட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சூடான தாழ்நிலத்துத் தோட்டங்களில் நடந்து வந்த பிறகு சாரத்திலிருந்தும் சேலைக் கரையிலிருந்தும் பிய்த்து எடுக்கிறோமே, அவற்றில் இதுவும் ஒன்று.

நம் மலைப்பக்கம் அதிகம் காண்பது பொன்னிற முட்கள் உள்ள மஞ்சள் நரிவால். விரல் நீளக் கதிர், நிமிர்ந்து நிற்கும். மாலை வெயிலில் பார்த்தால் அத்தனை அழகு. தண்டின் அடிப்பகுதி கொஞ்சம் தட்டையாகவும் பெரும்பாலும் சிவந்தும் இருக்கும். இலை தண்டோடு சேரும் இடத்தில் நீண்ட வெள்ளை மயிர்கள் சில நிற்கும். இதே தோற்றத்தில் ஒரு உடன்பிறப்பும் உண்டு. மேலே பார்த்தால் வித்தியாசம் சொல்வது கஷ்டம். ஆனால் பிடுங்கினால் தெரிந்துவிடும். முதலாவது ஒரு பருவத்துப் புல், வேர் முழுக் கொத்தாக வந்துவிடும். மற்றது பல வருடம் வாழ்வது, மண்ணுக்குள் முடிச்சு முடிச்சாக ஒரு கட்டை வேரை விட்டுவைக்கும்.

ஓடைக்கரை நிழலில், தென்னங்கன்றின் இலை போல மடிப்பு மடிப்பாக அகன்ற இலையுடன் ஒரு பெரிய புல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நம்ப மாட்டீர்கள், அதுவும் செட்டேரியாதான். அதன் கதிர் வால் போல இருக்காது, பரந்து கிடக்கும். பப்புவா நியூகினியின் மலைவாசிகள் அதன் இளந்தண்டைத் தோட்டத்தில் பயிரிட்டுக் கறி ஆக்கிச் சாப்பிடுகிறார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். இந்தப் புல்லின் பலம் எங்கே இருக்கிறது?

நமது தோட்டங்களில் ஆட்களை அலுக்க வைக்கும் கூச்சுப் புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பலம் மண்ணுக்குக் கீழே. வெள்ளைக் கிழங்கு வேர் நீள நீள ஓடும். ஒரு கணு மிஞ்சினாலும் மறுபடி முளைக்கும். மஞ்சள் நரிவாலுக்கு அப்படி ஒன்றும் இல்லை. வேரை அறுத்தால் கதை முடிந்தது. அதன் முழு வாழ்வும் கதிரில் இருக்கிறது. முளைத்து, வளர்ந்து, சில வாரங்களில் பூத்து, கதிரிலிருந்து விதைகளைக் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். விதைகள் எல்லாம் ஒரே நாளில் முளைப்பதில்லை என்பதுதான் அதன் சூழ்ச்சி. சில இந்த மழைக்கு, சில அடுத்த மழைக்கு, சில பல வருடம் மண்ணில் உறங்கிவிட்டு, கவ்வாத்து வெட்டி வெயில் தரையில் படும் நாளுக்கு! தேயிலை மூடி நின்ற மலையில் புல்லே இல்லாமலிருந்து, வெட்டிய மறுமாதமே பச்சைக் கம்பளம் விரிப்பது இதனால்தான்.

ஆகவே கதிர் விடுவதற்கு முன்னால் ஒரு முறை கை வைப்பதும், கதிர் உதிர்ந்த பின்னால் பத்து முறை வெட்டுவதும் ஒன்றல்ல. புல்வெட்டுக்குத் தேதி குறிப்பவர்கள் காசையும் ஆட்களையும் பார்த்துத் தேதி குறிக்கிறார்களே தவிர, புல்லின் வயதைப் பார்த்துக் குறிப்பது அபூர்வம்.

இப்போது ஒரு ஆச்சரியம். தினை என்று சொல்கிறோமே, கிளிக்கூட்டில் லவ் பேர்ட்ஸுக்குப் போடுகிறோமே, அது என்ன தெரியுமா? சாட்சாத் நரிவால்தான். செட்டேரியா இத்தாலிகா என்பது தினையின் விஞ்ஞானப் பெயர். கான் ஓரத்து மஞ்சள் நரிவாலுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம். பச்சை நரிவால் என்ற காட்டுப் புல்லுக்கோ சொந்தப் பிள்ளை. வட சீனத்தில் 8,000 வருடங்களுக்கும் முன்பே மக்கள் அந்தக் காட்டுப் புல்லிலிருந்து தினையைப் பயிராக்கிவிட்டார்கள். மஞ்சள் ஆற்றங்கரையில் அரிசிக்கு முன்னால் தினைதான் சோறு. 2005-ஆம் ஆண்டு, சீனாவில் லாஜியா என்ற இடத்தில் 4,000 வருடம் மண்ணுக்குள் கவிழ்ந்து கிடந்த ஒரு கோப்பையில் நூடில்ஸ் கண்டெடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. தினை மாவிலும் பனிவரகு மாவிலும் செய்தது என்றார்கள் ஆராய்ச்சியாளர்கள். தினை மாவு அப்படி இழுபடுமா என்று மற்றவர்கள் மறுத்தார்கள். தினை மாவு பிசைந்து பார்த்த நம் பெண்களைக் கேட்டிருந்தால் அவர்களும் ஒரு அபிப்பிராயம் சொல்லியிருப்பார்கள்!

தமிழுக்கும் தினைக்கும் உள்ள உறவு உங்களுக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களில் மலை என்றால் குறிஞ்சி, குறிஞ்சி என்றால் தினைப்புனம். பரண் மீது நின்று கிளி ஓட்டும் பெண்கள் அங்கே அடிக்கடி வருகிறார்கள். மலைநாட்டுத் தமிழர்களாகிய நாம் இன்று அதே குறிஞ்சி நிலத்தில் வாழ்கிறோம். தினையின் காட்டுச் சகோதரத்தைச் சுரண்டியால் சுரண்டி எறிகிறோம். விதி விளையாடுகிறது என்று சொல்லலாமா, தெரியவில்லை.

புல்லுக்கும் பயிருக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றே ஒன்றுதான் பெரியது. காட்டுப் புல் பழுத்ததும் மணியை உதிர்க்கும். தினை உதிர்க்காது, அறுக்க வரும் கைக்காகக் காத்திருக்கும். பச்சை நரிவாலின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்தவர்கள் 2020-இல், மணி உதிர்வதற்கு உதவும் ஒரு மரபணு தினையில் பழுதாகிக் கிடப்பதைக் கண்டுபிடித்தார்கள். மரபணுக்களுக்கு இடையே தாவித் திரியும் ஒரு துண்டு அங்கே போய் உட்கார்ந்து அதைக் கெடுத்திருந்தது. இப்படிச் சில பழுதுகள் சேர்ந்துதான் ஒரு களை சோறாகியிருக்கிறது. அன்றைக்குக் கதிர் பொறுக்கியவர்களுக்கு மரபணு தெரியாது. உதிராத கதிரை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து, அதையே அடுத்த வருடம் விதைத்தார்கள். வீட்டுக்கு வந்த கதிரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் பெண்களின் கை எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

தினை நமது தலவாக்கலைக் குளிருக்கும் ஓயாத மழைக்கும் ஏற்ற பயிரல்ல. 4,000 அடி உயரத்தில் மே மாதம் தொடங்கும் மழை அதன் கதிரை அழுக வைத்துவிடும். உலர்வலயத்துச் சேனைகளில்தான் அது செழிக்கும். சிங்களத்தில் 'தன ஹால்' என்பார்கள். ஆனால் வாங்கிச் சாப்பிடத் தடை என்ன? 100 கிராம் தினையில் ஏறக்குறைய 12 கிராம் புரதமும் 8 கிராம் நார்ச்சத்தும் உண்டு. தீட்டிய வெள்ளை அரிசியில் புரதம் 7 கிராம் அளவுதான், நார் பெயருக்குத்தான். சீனி வியாதிக்காரர் உள்ள வீட்டில் ஒரு வேளை அரிசிக்குப் பதில் தினைச் சோறு வைத்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு கோப்பைக்கு இரண்டரைக் கோப்பைத் தண்ணீர் விட்டால் போதும். நோன்புக் கஞ்சியில் பாதி அரிசி, பாதி தினை போட்டாலும் சுவை கெடாது. ஒரு எச்சரிக்கை: குருவிக்கென்று விற்கும் தினை உமியோடு இருக்கும். அது மனிதர் உண்ணச் சுத்தம் செய்ததல்ல. கடையில் உமி நீக்கிய தினை என்று கேட்டு வாங்குங்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு இதன் விலையும் மரியாதையும் கூடித்தான் போயிருக்கின்றன.

சரி, களைக்குத் திரும்புவோம். களை என்றால் அழிக்கவேண்டியது என்ற எண்ணம் நம் மலைகளுக்குப் பெரும் நஷ்டத்தைக் கொடுத்திருக்கிறது. கோப்பிக் காலத்துத் துரைமாருக்குப் புல் ஒன்றுகூட இல்லாத வெறும் மண்தான் பெருமை. தேயிலைக் காலத்திலும் அந்தப் பழக்கம் நெடுநாள் தொடர்ந்தது. சரிவான மலையில் மண்ணை மொட்டையடித்து வைத்தால், மழை என்ன செய்யும்? மேல்மண்ணைக் கழுவிக் கானில் விட்டது. கான் ஓடையில் விட்டது. ஓடை கொத்மலை ஓயாவில் விட்டது. 1931-இல் மண்ணரிப்பைப் பற்றி ஆராய்ந்த அரசாங்கக் குழு ஒன்று அறிக்கை கொடுத்தது. 1951-இல் மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குள் போன மண் போனதுதான். மேல்மண் ஒரு அங்குலம் உண்டாக நூற்றுக்கணக்கான வருடங்கள் பிடிக்கும்.

புல்லின் வேர் கொத்துக் கொத்தாக நூல் போல இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆணிவேர்ச் செடியை விட அது மேல்மண்ணை இறுகப் பிடிக்கும். சுரண்டியால் வழித்தால் புல் மட்டுமா போகிறது? அதோடு மண்ணும் கிளம்பி, அடுத்த மழைக்கு ஆயத்தமாகக் கிடக்கிறது. 1925-இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் நமது தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறது. சுரண்டியை விடுங்கள், கையால் பிடுங்குங்கள், அல்லது தரையோடு ஒட்டாமல் வெட்டுங்கள் என்பது அந்த நிலையத்தாரின் நெடுநாள் உபதேசம். வேடிக்கையைப் பாருங்கள்: களைத்துப்போன தேயிலை மண்ணைத் திரும்ப உயிர்ப்பிக்க அவர்கள் நடச் சொல்வதே புல்தான்! பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் மானாப்புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ ஒன்றரை இரண்டு வருடம் வளர்த்து, அடிக்கடி வெட்டி அங்கேயே பரப்பி, பிறகுதான் புதுக் கன்று நடவேண்டும்.

மருந்தடித்துப் புல்லைக் கொல்லும் கதை வேறு. அது நம் நாட்டில் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கிளைபோசேட் 2015-இல் தடை செய்யப்பட்டது. 2018-இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் அனுமதி வந்தது. 2021-இல் விவசாய இரசாயனங்கள் முழுவதற்கும் இறக்குமதித் தடை விழுந்தது. சில மாதங்களில் அது தளர்ந்தது. 2022-இல் கிளைபோசேட் மீதான தடையும் நீங்கியது. இதற்கிடையில் புல் இடுப்பளவு வளர்ந்த மலையில், அட்டைக்கும் குளவிக்கும் பாம்புக்கும் பயந்து பயந்து கொழுந்து எடுத்தவர்கள் பெண்கள்தான். மருந்து அடித்த காலத்தில் முகமூடியும் கையுறையும் சரியாக இல்லாமல் தொட்டி சுமந்தவர்களும் தோட்டத்துத் தொழிலாளர்தான். தடை நல்லதா கெட்டதா என்று கொழும்பில் வாதாடியவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டில் ஒன்றையாவது செய்திருப்பார்கள்?

மருந்தே போதும் என்று நம்புகிறவர்களுக்கு நரிவால் ஒரு பதில் வைத்திருக்கிறது. ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஒரே மருந்தை வருடக்கணக்கில் அடித்த வயல்களில், அந்த மருந்துக்கு அசையாத பச்சை நரிவால் 1980-களிலேயே தோன்றிவிட்டது. ஆயிரக்கணக்கில் விதை, அதில் ஒன்று தப்பினாலும் அடுத்த வருடம் அதன் குஞ்சுகள்தான் வயல் முழுக்க. சீனர்கள் சாமர்த்தியசாலிகள். அப்படித் தப்பிய களையைத் தினையோடு கலப்புச் செய்து, மருந்துக்குச் சாகாத தினையை உருவாக்கிக்கொண்டார்கள்.

கடைசியாக, மாடு வளர்க்கும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். லயத்துப் பக்கத்துக் கொட்டிலில் ஒரு பசு நின்றால், மாதச் சம்பளம் போதாத வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய துணை என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இளம் நரிவால் பசுவுக்கு நல்ல தீவனம். ஆனால் கதிர் முற்றிய பிறகு அறுத்துப் போடாதீர்கள். மஞ்சள் நரிவாலின் முட்கள் மாட்டின், குதிரையின் உதட்டிலும் நாக்கிலும் ஈறிலும் குத்திப் புண்ணாக்கும். திடீரென்று தீனி எடுக்காமல் எச்சில் வடித்துக்கொண்டு நிற்கும் மாட்டின் வாயைத் திறந்து பாருங்கள். முள் சிக்கியிருக்கக்கூடும்.

தீவனத்துக்கென்றே நடும் பெரிய செட்டேரியாப் புல்லில் வேறு ஒரு குணம் உண்டு. அதில், முக்கியமாக உரம் அதிகம் போட்ட இளந்தழையில், ஒக்சலேற் என்ற பொருள் மிகுதி. அது உடம்பிலுள்ள கல்சியத்தைப் பிடித்துக் கட்டிப்போடும். பசுவின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லப் பழகி அதைச் செரித்துவிடும். ஆனால் பட்டினி கிடந்த பசுவுக்கு முதல்நாளே வயிறு முட்டப் போட்டால் ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வேறு புல்லும் முள்முருங்கைத் தழையும் கலந்து போடுங்கள். குதிரைக்கு இந்தப் புல்லையே தொடர்ந்து போடக்கூடாது. எலும்பிலிருந்து கல்சியம் கரைந்து, முகம் வீங்கிப் போகும். நுவரெலியாவில் குதிரை வைத்துச் சவாரி பிழைப்பு நடத்துகிறவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் இதைக் காதில் போட்டு வையுங்கள்.

கதிர் முற்றிய புல்லை என்ன செய்வது என்று கேட்பீர்கள். தேயிலைச் செடிக்கடியில் பரப்ப வேண்டாம், விதை எல்லாம் அங்கேயே கொட்டும். சாணக் குழியில் மேலோட்டமாகப் போட்டாலும் விதை சாகாது. குழியின் நடுவில், சூடேறும் இடத்தில் புதையுங்கள், அல்லது கதிரை மட்டும் கிள்ளி அடுப்பில் போட்டுவிட்டு மிச்சத் தழையைப் பரப்புங்கள். கவ்வாத்து முடிந்த மலையாக இருந்தால், முதல் மழைக்குப் பிறகு மூன்று நான்கு வாரத்தில் ஒரு நடை போய்ப் பாருங்கள். தண்டு சிவந்து, இலையடியில் வெள்ளை மயிர் தெரிந்து, கதிர் இன்னும் இலைக்குள் ஒளிந்திருந்தால், அரிவாளை எடுக்க அதுதான் நேரம்.